அக்கி: மூன்று நாட்களின் அருமை

எமது அயலிலே வாழும் பெரியவரொருவர் ஒருநாட் காலை வலப்பக்க விலாவிலே எரிவும் குத்தும் உணர்ந்தார். வாயுக் கோளாறென எண்ணி உள்ளி அவித்துக் குடித்தார். மூன்றாம் நாள் அவ்விடத்திலே சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக எழுந்தன. “அக்கிதான், குளிர்ச்சியாக எதையேனும் பூசினால் ஆறிவிடும்” என்றனர் உற்றார். ஒரு வாரஞ் சென்ற பின்னரே வைத்தியரிடஞ் சென்றார். கொப்புளங்கள் ஆறின, எரிவோ ஆண்டொன்று கடந்தும் ஆறவில்லை. சட்டைத்துணி படினும் துடிக்கின்றார்.

அக்கி புதிதாக வெளியிலிருந்து வருவதன்று. இளமையிற் கண்ட கொப்புளிப்பான் மாறிய பின்னரும் அதன் வைரசு நரம்புக் கணுக்களில் உறங்கிக் கிடக்கின்றது. முதுமையாலோ பிற நோயாலோ உடலின் எதிர்ப்புச் சத்தி குன்றுங்கால் அது விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலை அடைகின்றது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் நகரிற் குடும்ப வைத்தியராயிருந்த எட்கார் ஹோப்-சிம்சன் 1965ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார்.

அந்நரம்பின் எல்லையே அக்கியின் எல்லை. ஆதலின் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தோடு அது நின்றுவிடும். இடுப்பைச் சுற்றித் தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போகுமென அஞ்சுதல் வேண்டா.

அஞ்சவேண்டியது தாமதத்துக்கே. அசைக்குளோவிர் முதலிய மருந்துகள் வைரசு பெருகுவதைத் தடுப்பன. கொப்புளந் தோன்றிய 72 மணித்தியாலத்துள் அவற்றைத் தொடங்கினாற் பயன் மிகும். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ கொப்புளங் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. பார்வைக்கே கேடு நேரலாம். காவிமண்ணும் பச்சிலையும் அப்பினாற் புண் சீழ்கொள்ளக் கூடும். சுத்தமான துணியால் மூடி வைத்தலே நன்று. கொப்புள நீர் பட்டாற் கொப்புளிப்பான் வராதவர்க்கு அந்நோய் தொற்றலாம். எனவே, பொருக்குக் கட்டும்வரை கருவுற்ற மகளிரும் பச்சிளங் குழந்தைகளும் விலகியிருத்தல் வேண்டும்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசி 50 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இருமுறை இடப்படும். அக்கி வருவதைப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது குறைத்ததை ஆய்வுகளிற் கண்டனர். தத்தம் குடும்ப வைத்தியரிடம் இதுபற்றிக் கேட்டறிதல் நலம்.

பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுத்தலாகாதென்றெண்ணி, முதியோர் நோவை மறைத்து “ஒன்றுமில்லை” என்பர். மாணவர்காள்! அச்சொல்லோடு அமையாது, உங்கள் பாட்டனாரின் முதுகை ஒருமுறை பாருங்கள். மூன்று நாட்களுட் பார்த்த கண், அவருக்குப் பல மாத வேதனையைத் தவிர்க்கக் கூடும்.