கொட்டகையில் தூங்கும் மூன்று சக்கர வண்டி

தாத்தா காலமாகி, பண்ணையை விற்கலாம் என்று பிள்ளைகள் முடிவெடுத்து, பழைய கொட்டகையைக் காலி செய்யும்போதுதான் பெரும்பாலும் அது கண்ணில் படும். அமெரிக்கக் கிராமங்களில் இது அடிக்கடி நடக்கிற கதை. வைக்கோல் தூசி படிந்த தார்ப்பாயை இழுத்தால் உள்ளே முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று குண்டு டயர்கள். காற்றுப் போய், வெடிப்பு விட்டுச் சப்பையாகக் கிடக்கும். சீட்டைக் கிழித்து எலி குடித்தனம் நடத்தியிருக்கும். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் மட்கார்டில் 'ஹோண்டா' என்ற எழுத்து பாதி தெரியும்.

"ஐயோ, இது இன்னும் இருக்கா? இதுல ஏறித்தான் எனக்குக் கை உடைஞ்சது" என்பார் ஒரு மகன். அடுத்த நிமிடமே, "ஓட வச்சிப் பார்ப்போமா?" என்றும் அவரே கேட்பார். கை உடைத்த வண்டி மேல் அப்படி என்ன பாசம்?

அதற்கு வண்டி பிறந்த கதைக்குப் போக வேண்டும். 1967-ல் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளைக்கு ஒரு கவலை. பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் வாங்க ஆள் வருவதில்லை; டீலர்கள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார்கள். பனியிலும் விற்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று ஜப்பானுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வேலை ஒசாமு தாகேயுச்சி என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் இரண்டு சக்கரத்தில் ஆரம்பித்து ஆறு சக்கரம் வரை செய்து பார்த்தார். பனி, சேறு, வழுக்குப் பாறை எல்லாவற்றிலும் ஓடிப் பார்த்துக் கடைசியில் மூன்று சக்கரத்தில் வந்து நின்றார்.

சாதாரண டயர் பனியில் புதைந்துகொண்டே போனது. நீரிலும் நிலத்திலும் ஓடும் 'ஆம்பி-கேட்' என்ற ஆறு சக்கர வண்டியின் பலூன் டயர்தான் வழி காட்டியது. கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்று அடிக்கிறோம். இந்த வண்டிக்கு 2 பி.எஸ்.ஐ. சொச்சம் போதும். விரலால் அமுக்கினால் குழி விழும். அந்த மெத்தென்ற டயர்தான் மணலிலும் பனியிலும் அமிழாமல் வண்டியைத் தூக்கிப் பிடித்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவுமே கிடையாது. குலுக்கலைத் தாங்குகிற வேலையும் டயர் தலையில்தான்.

1970-ல் 'யு.எஸ்.90' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 89 சிசி, 7 குதிரைத்திறன், விலை 595 டாலர். கிளட்ச் பிடிக்க வேண்டாம். காலால் கியர் மாற்றினால் போதும். ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி ஒரு கயிறு. சீக்கிரமே அதன் பெயர் 'ஏ.டி.சி.90' என்று மாறியது. 1971-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்'. அதில் துரத்தி வரும் காவலாளி ஒருவரின் வண்டியைப் பறித்து ஷான் கானரி நெவாடா பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டு போவாரே, அது இதுதான். கடற்கரையில் விளையாட வந்த வண்டி மெல்ல வயலுக்குள் புகுந்தது. அறுவடை முடிந்த நிலத்தின் கட்டைக் குச்சிகள் டயரைக் குத்திக் கிழிக்க, பின்னால் வந்த டயர்களில் துணி இழை சேர்த்தார்கள். 1982-ல் மூட்டை கட்டக் கேரியர் வைத்து 'பிக் ரெட்' வந்தது. வேலி பார்க்க, தீவனம் கொண்டுபோக, கன்றுக்குட்டியைத் தேட என்று பல பண்ணைகளில் அது வீட்டில் ஒருத்தர் மாதிரி ஆகிவிட்டது.

அதே வண்டிதான் பலரைக் கவிழ்க்கவும் செய்தது. நம்ம ஊர் ஆட்டோவுக்கும் மூன்று சக்கரம்தானே என்று தோன்றும். ஆட்டோவின் பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. திருப்பத்தில் ஒரு சக்கரம் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுற்றும். இதில் இரண்டு பின்சக்கரமும் ஒரே இரும்பு ஆக்ஸிலில் இறுகக் கோத்தவை. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலால் மிதியை அழுத்தி, உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் அது வழுக்கித் திரும்பும். வேகமாகத் திருப்பும்போது பிரேக் போட்டால் பாரமெல்லாம் முன்னால் வெளிப்பக்க மூலைக்கு ஓடும். அந்த மூலையில் முட்டுக் கொடுக்கச் சக்கரமே இல்லை. மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றினால், பின்னால் வரும் சொந்தச் சக்கரமே காலில் ஏறிவிடும்.

7 குதிரைத்திறனோடு நின்றிருந்தால் ஒருவேளை இத்தனை அடிபட்டிருக்காது. 1981-ல் பந்தய எஞ்சினோடு ஏ.டி.சி.250ஆர் வந்தது. மற்ற கம்பெனிகளும் போட்டியில் குதித்தன. மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் சிறுவர்கள் நிறைய. அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது. 1988-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டி விற்பதைக் கம்பெனிகள் நிறுத்தின. 2008-ல் வந்த சட்டம் புதிதாக இறக்குமதி செய்து விற்பதையும் தடுத்தது. அந்த இடத்தை நான்கு சக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டன. ஆனால், ஏற்கெனவே விற்றவற்றை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றும் கொட்டகை கொட்டகையாகத் தூங்குகின்றன.

தூங்குவதை எழுப்புவது எப்படி? முதலில் எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பல வருடம் சும்மா கிடந்ததில் பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அவசரக்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கயிற்றை அறுப்பார்கள். பொறுமைசாலிகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். பாதி வண்டிகள் அதற்கே இளகிக் கொடுக்கும். ஹோண்டாவின் அந்தக் காலத்து 90 சிசி பைக் எஞ்சினுக்கு இது நெருங்கிய சொந்தம் என்பதால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் தேடினால் கிடைத்துவிடுகிறது.

பெட்ரோல் டேங்கைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகியிருக்கும். அதை வெளியே எடுத்துவிட்டு வினிகரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் ஊறவைத்தால் துரு கழன்று வரும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி உடனே காயவைக்க வேண்டும். மறந்தால் மறுநாளே புதுத் துரு. கார்புரேட்டரில் மயிரிழை போன்ற துளைகளில் ஒன்று அடைத்திருந்தாலும் வண்டி உறுமிவிட்டு அணைந்துவிடும். பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் தீப்பொறி வரும்.

இதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை. உண்மையான சண்டை பின் ஆக்ஸிலில்தான். சேற்றிலும் தண்ணீரிலும் உழன்ற வண்டி; சீல் தேய்ந்து தண்ணீர் பிரேக் டிரம்முக்குள் போயிருக்கும். டிரம், ஹப், ஆக்ஸில் மூன்றும் ஒன்றோடொன்று துருவால் வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய், தீ, சுத்தியல், மறுபடி எண்ணெய், மறுபடி தீ. இங்கேதான் பலர் வண்டியைப் பாதியில் விட்டு விற்றுவிடுகிறார்கள். ஏ.டி.சி.90-ல் முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. வண்டியை நிறுத்துவதே பின்னால் இருக்கும் அந்த ஒரு டிரம்தான். அதைச் சரி செய்யாமல் பெயின்ட் டப்பாவைத் திறப்பவர்களைப் பழைய கைகள் மதிப்பதில்லை.

டயரில் ஒரு எச்சரிக்கை. காரில் வைத்திருக்கும் காற்று அளவி இந்த அழுத்தத்தை ஒழுங்காகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் கருவி வேண்டும். கம்ப்ரசரில் 'புஸ்' என்று நிரப்பினால் டயர் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் வண்டி பந்தாகக் குதித்து ஆளைத் தூக்கிப் போடும். கைப்பம்பு போதும்.

ஓடத் தொடங்கியதும் வீட்டில் வாக்குவாதம் ஆரம்பிக்கும். மூத்தவருக்கு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த பெயின்டைக்கூடத் தொடக் கூடாது. இளையவருக்குப் புது எஞ்சின் வேண்டும். 1973-ல் வந்த குட்டி ஏ.டி.சி.70-ல் அந்தப் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி அமைப்பில் சீனாவில் செய்த 110, 125 சிசி எஞ்சினை மாட்டுவது அங்கே பிரபலம். கிட்டத்தட்ட அப்படியே பொருந்திவிடும். பிரேக் மட்டும் பழைய 70-க்குச் செய்ததாகவே இருக்கும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். சிறுவர்கள் உயரத்துக்குச் செய்த சட்டத்தில் இரண்டு மடங்கு வேகம் என்பது கேட்க ஜோராக இருக்கும். அவ்வளவுதான்.

பின்சக்கரங்களை அகலமாக்குவது இதைவிட நல்ல மாற்றம். நீளமான ஆக்ஸிலோ, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசரோ வைத்தால் பக்கவாட்டில் கவிழ்வது குறையும். அதற்கும் விலை உண்டு. பேரிங்குக்குச் சுமை கூடும். திருப்புவதற்கு இன்னும் அடம்பிடிக்கும். அகலமாக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் முன்பைவிட வேகமாகப் போனால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

பெயின்ட் அடித்தோ அடிக்காமலோ ஒரு நாள் வண்டி வாசலுக்கு வருகிறது. கயிற்றை ஒரு இழு, இரண்டு இழு. ஏழாவது இழுப்பில் நீலப் புகை கக்கி, டுப் டுப் என்று தாத்தா காலத்துச் சத்தத்திலேயே ஓட ஆரம்பிக்கிறது. யாரோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பத்து வயதுப் பேத்தி ஹெல்மெட்டோடு தயாராக நிற்கிறாள். கை உடைந்த அந்த மகன்தான் இப்போது அவளுடைய அப்பா.

அவர் எஞ்சினை அணைக்கிறார். பேத்தியைச் சீட்டில் ஏற்றி, வெளிப்பக்கக் காலை எங்கே அழுத்த வேண்டும், உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று நின்ற வண்டியிலேயே காட்டுகிறார். காலைக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று தன் கையில் இருக்கும் தழும்பைக் காட்டிச் சொல்கிறார். "இன்னிக்கு இவ்வளவுதான். பதினாறு வயசு ஆகட்டும், சாவி உன்னுது."

"இதுக்குத்தான் சாவியே இல்லையே, கயிறுதானே" என்கிறாள் அவள்.