பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறார்கள்

டைம் ஷேர், ஹாலிடே மெம்பர்ஷிப், வெகேஷன் ஓனர்ஷிப் என்று பல பெயர்களில் விற்கப்படும் சரக்கைப் பற்றி யாராவது யோசனை கேட்டால், நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "அவசரப்படாதீங்க சார். நாலு ரிசார்ட்டை நேர்ல போய்ப் பாருங்க. ரெண்டு நாள் தங்குங்க. எது மனசுக்குப் பிடிக்குதோ அதுல சேருங்க."

சொல்பவர்கள் நல்லவர்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்பதற்கும் நிதானமான அறிவுரை போலத்தான் இருக்கிறது. என் கோபமெல்லாம் இந்த அறிவுரையின் மேல்தான். விற்பவன் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவன் பிழைப்பு அது.

ஏனென்றால், விற்பவனும் இதையேதான் சொல்கிறான். "வாங்க வேண்டாம் சார், சும்மா வந்து பாருங்க, ரெண்டு ராத்திரி எங்க விருந்தாளியா தங்குங்க, மேடத்தையும் கூட்டிட்டு வாங்க." மேடம் வராவிட்டால் அழைப்பு ரத்து. இது கவனிக்க வேண்டிய விஷயம். கணவன் தனியாகப் போனால் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவான் இல்லையா? அமெரிக்காவில் இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகத்திலேயே, இப்படி வந்து பார்க்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் "டூர்" என்றுதான் பெயர். ஒரு டூருக்கு சராசரியாக எவ்வளவு விற்பனை என்று பங்குதாரர்களுக்கே அறிக்கை தருகிறார்கள். நாம் விசாரிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறோம். அங்கே நாம்தான் கணக்கில் ஏறும் உருப்படி.

நான் ஓய்வு பெற்ற பிறகு, நானும் என் மனைவியும் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் அழைப்பில் மூன்று மலை ஊர்களுக்குப் போய் வந்தோம். பெயர்கள் வேண்டாம். மூன்றும் ஒரே அச்சு. வாசலில் சந்தனப் பொட்டு, ஒரு டம்ளர் சர்பத். பள்ளத்தாக்கைப் பார்த்த அறை. படுக்கை மேல் அன்னப்பறவை மாதிரி மடித்த டவல். காலையில் பொங்கல், பூரி, கூடவே ஆம்லெட் போட்டுக் கொடுக்க ஒரு தம்பி. பதினோரு மணிக்கு, "அரை மணி நேரம்தான் அங்கிள்." அந்த அரை மணி நேரம் ஒரு இடத்தில் இரண்டே கால் மணி நேரம் ஆனது. பக்கத்து மேஜையில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள் போலிருக்கிறது, மணி அடித்துக் கைதட்டினார்கள். என் மனைவி, "ஏங்க, இங்க யாருக்காவது பிறந்தநாளா?" என்று கேட்டாள்.

அங்கே போடப்படும் கணக்கைச் சொல்ல வேண்டும். வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் அதை ரசித்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு டூர், ஹோட்டல் செலவு 30,000 ரூபாய் என்று நாம் சொல்கிறோம். அந்தப் பையன் வருடம் 10 சதவீதம் ஏற்றம் என்று வைத்து 25 வருடத்துக்குக் கூட்டுகிறான். 29 லட்சத்து 50 ஆயிரம் வருகிறது. கூட்டல் சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். "எங்க கிட்ட வரி எல்லாம் சேர்த்து நாலே லட்சம் அங்கிள், ஒரே தடவை!" என்று வட்டம் போடுகிறான். ஆண்டுச் சந்தாவைப் பற்றிக் கேட்டால்தான் சொல்கிறான்: 15,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 17,700. ஹோட்டல் வாடகைக்கு ஏறும் விலைவாசி இந்தச் சந்தாவுக்கு மட்டும் ஏறாதாம். அதே 10 சதவீதத்தை இதற்கும் போட்டால் 25 வருடத்தில் சந்தா மட்டும் 17 லட்சத்தைத் தாண்டும். இதைச் சொன்னதும் பையன் எழுந்து போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் சந்தாவைப் பற்றிப் பேசவில்லை. விலையை 40,000 குறைத்தார். "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் சார்."

நம் பக்கத்துக் கணக்கு இன்னும் சுலபம். நாலு லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைத்து, 25 வருடத்தில் அசலும் வட்டியுமாகச் சமமாகப் பிரித்து எடுத்தால் வருடத்துக்கு 34,300 ரூபாய் கிடைக்கும். அதைத்தான் நாம் இழக்கிறோம். முதல் வருடச் சந்தாவைச் சேர்த்தால் 52,000. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவுக்கு 7,400க்கு மேல். சாப்பாடு தனி. இந்தக் காசுக்கு எந்த ஊரில் வேண்டுமானாலும், எந்தத் தேதியில் வேண்டுமானாலும், யாரிடமும் மெம்பராக இல்லாமல் கௌரவமாகத் தங்கலாம். ஒரு வருடம் முழங்கால் வலித்தால் போகாமலும் இருக்கலாம்.

சரி, பார்ப்பதில் என்ன தப்பு என்கிறீர்களா? நம் ஊரில் யாராவது அரை கிரவுண்டு மனை வாங்கும்போது மண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறோமா? மனையைப் பத்து நிமிஷம் பார்க்கிறோம். மூலப் பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீல் அபிப்பிராயம் என்று பத்து வாரம் அலைகிறோம். ஆனால் "ஓனர்ஷிப்" என்று பெயர் வைத்த இந்தச் சமாச்சாரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகவே வேண்டியதில்லை. பெரும்பாலான திட்டங்களில் நம் பெயரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இருப்பது ஓர் ஒப்பந்தம்: இத்தனை வருடம், வருடத்துக்கு இத்தனை நாள், இடம் இருந்தால், முன்பதிவு செய்தால். எந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து மயங்கினோமோ அந்தக் கட்டடமே கம்பெனிக்குச் சொந்தமாக இல்லாமல் குத்தகையாக இருக்கலாம். குத்தகை முடிந்தால் அந்த ஊர் பட்டியலிலிருந்து போய்விடும். சந்தா போகாது.

தொடக்கத்தில் இது இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960களில் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஆரம்பித்தபோது, இன்ன கட்டடத்தில் இன்ன அறையில் வருடத்தின் இன்ன வாரம் உனக்கு என்று விற்கும் வழக்கம் இருந்தது. அப்படி என்றால் அந்த அறையைப் போய்ப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அதே இடத்துக்கே வருடா வருடம் போவது அலுத்துப்போகும் என்பதால், ஒருவர் வாரத்தை இன்னொருவர் மாற்றிக்கொள்ள 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. வந்தது. நம் நாட்டில் ஸ்டெர்லிங் 1986இல், கிளப் மஹிந்திரா நடத்தும் நிறுவனம் 1996இல். இரண்டுமே சென்னையில் வேர்விட்டவை. தொண்ணூறுகளில் எங்கள் கிளையில் பாதிப் பேர் மேஜையில் கொடைக்கானல் படம் போட்ட பிரசுரம் கிடக்கும். பிறகு வாரம் போய் சீசன் வந்தது, சீசனுக்கு நிறம் வந்தது, சில இடங்களில் நிறமும் போய் பாயிண்ட் வந்தது. சரக்கு மாறிவிட்டது. "போய்ப் பார்" என்ற அறிவுரை மட்டும் அறுபது வருடமாக மாறவில்லை.

இன்று விற்பனைக்கு இருப்பது அறை இல்லை, தேதி. பள்ளிக்கூடம் லீவு விடும் ஏப்ரல், மே மாதத் தேதிகளும், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஒட்டிய தேதிகளும்தான் எல்லோருக்கும் வேண்டும். நமக்கு இலவச விருந்து எப்போது கிடைக்கிறது? ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மூணாறில் மழை கொட்டும்போது, பாதி அறை காலியாக இருக்கும்போது. அன்றைக்கு ரிசார்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்து, மே மாதம் நமக்கு இடம் கிடைக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் தம்பியின் சம்பந்தி ஒரு கம்பெனியில் மெம்பர். பேரன் லீவுக்கு ஊட்டி கேட்டால் காத்திருப்புப் பட்டியல். கிடைத்தது ராஜஸ்தானில், மே மாதத்தில். மெம்பர் என்ற மரியாதைக்குக் குறைவில்லை, போனில் "சார், சார்" என்றுதான் சொன்னார்களாம்.

இன்னொன்று. ரிசார்ட்டில் அறை உறுதியானாலும் மலைச்சாலை அவர்கள் கையில் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. மலைக்கு அது நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் 25 வருட ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

25 வருடம் என்றதும் என் வயதுக்காரர்கள் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். 62 வயதில் சேர்ந்தால் முடியும்போது 87. மூன்று ரிசார்ட்டிலும் நான் படிகளை எண்ணினேன். ஒன்றில் அறையிலிருந்து சாப்பாட்டு ஹாலுக்கு 74 படி, கைப்பிடி பாதி தூரம்தான். "பேரன் பேர்ல மாத்திக்கலாம் அங்கிள், பரம்பரைச் சொத்து!" என்றான் பையன். சொத்து என்றால் விற்கவும் முடிய வேண்டும். விற்றுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கைமாற்றக் கட்டணம் உண்டு. போட்ட விலையில் பாதி கேட்டாலே வாங்க ஆள் தேட வேண்டும். "நாங்க வித்துத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று போன் செய்கிற கூட்டம் வேறு. மற்றபடி மாறுவது வருடச் சந்தா கட்டும் கடமைதான். அதைப் பேரனுக்கு வைத்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

யாருக்குமே லாபமில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு சின்னக் குழந்தைகள், எட்டு மாதம் முன்பே தேதி குறிக்கும் ஒழுங்கு, எந்த ஊர் கிடைத்தாலும் சரி என்ற மனசு, இவை மூன்றும் உள்ள குடும்பங்கள் நன்றாகவே அனுபவிக்கின்றன. அவர்கள் யாரும் கிராஜுவிட்டியை எடுத்துப் போட்டவர்கள் இல்லை.

ஐரோப்பாவில் 2008ஆம் வருட வழிகாட்டுச் சட்டப்படி கையெழுத்துப் போட்ட பின் 14 நாள் வரை காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த நாட்களில் முன்பணமே வாங்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் 10 நாள். நம் நாட்டில் டைம் ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சில கம்பெனிகள் தாங்களாகச் சில நாள் அவகாசம் தருகின்றன, அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். தவணையில் சேர்ந்திருந்தால், கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனமா என்று பார்க்க வேண்டும். மெம்பர்ஷிப்பை ரத்து செய்ய எழுதிக் கொடுத்த பிறகும் ஈ.எம்.ஐ. பிடிபட்டுக்கொண்டே இருப்பதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆணையத்துக்குப் போகலாம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் அதற்கும் படி ஏற வேண்டும்.

எங்கள் பூங்காவில் நடக்க வரும் நண்பர் ஒருவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், போன மாதம் கொடைக்கானல், மூணாறு, கூர்க் என்று மூன்று "பார்வையிடல்" அழைப்புகளோடு நின்றார். எது நல்ல இடம் என்று என்னைக் கேட்டார். இடம் மூன்றும் நல்ல இடம், அதற்கு நான் எதற்கு? கிளம்பும் முன் இரண்டு விஷயம் மட்டும் போனில் கேளுங்கள் என்றேன். ஒன்று, வரும் மே மாதம் இரண்டாவது வாரம் கொடைக்கானலில் ஒரு மெம்பருக்கு இன்று அறை இருக்கிறதா, அந்த முன்பதிவுத் திரையைக் காட்ட முடியுமா? இரண்டு, ஒப்பந்த நகலை ஒரு வாரம் முன்பே அனுப்புவார்களா, வக்கீலிடம் காட்ட?

மூன்று கம்பெனியிலும் கேட்டிருக்கிறார். மெம்பர் ஆனால்தான் அந்தத் திரை திறக்கும் என்றார்களாம். ஒப்பந்தம், பணம் கட்டிய பிறகு குரியரில் வருமாம். ஒரு பெண் மட்டும் பாவம், "எனக்கே முழுசா படிக்கக் கொடுக்கல சார்" என்று சொல்லியிருக்கிறாள்.

நண்பர் மூன்று அழைப்பையும் விட்டுவிட்டார். ஆனால் அவர் மனைவி ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாராம். அதனால் அடுத்த வாரம் மூணாறு போகிறார்கள், ஒரு ஹோம்ஸ்டேயில், மூன்று ராத்திரி. வாடகை எவ்வளவு என்று கேட்டேன். வந்து சொல்கிறேன் என்றார்.