ராம் போட்டால் கம்ப்யூட்டர் பறக்குமா?

"சிஸ்டம் ஸ்லோவா? ஒரு ராம் போடுங்க, பறக்கும்!" பாண்டிச்சேரி நேரு வீதியில் ஆரம்பித்து ஹாஸ்டல் ரூம் வரை எல்லா நோய்க்கும் இதே மருந்துதான். ஆனால் மருந்துக்குப் பணம் கொடுப்பது மாணவனின் அப்பா!

மருந்து பொய்யில்லை. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியபோது மெஷினில் இருந்தது 2 ஜிபி ராம். விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து பாண்டிக்குப் படிக்க வந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பிரௌசரில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். அந்த மாதிரி மெஷினில் இன்னொரு 2 ஜிபி சேர்த்தால் வித்தியாசம் கண்கூடு.

ஏன்? பெரிய மார்க்கெட் கடைக்காரரைப் பாருங்கள். கையோடு இருக்கும் கூடை கேஷ், முன்னால் உள்ள பலகை ராம், பின்னால் உள்ள குடோன் ஹார்ட் டிஸ்க். பலகை நிரம்பிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் குடோனுக்கு ஓட வேண்டும். ராமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ செகண்ட், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க சுமார் 10 மில்லி செகண்ட். லட்சம் மடங்கு! ஆனால் பலகையில் பாதி காலியாகவே கிடந்தால்? அதை இன்னும் அகலமாக்கினால் வியாபாரம் வேகமாகுமா?

அடுத்தது "கேஷை ஏத்தலாம்" என்ற கதை. 1990-களில் சில மதர்போர்டுகளில் கேஷுக்குத் தனி ஸ்லாட் இருந்தது. இன்று கேஷ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. வேண்டுமென்றால் பிராசசரையே மாற்ற வேண்டும்.

கேஷால் பலன் இல்லை என்று அர்த்தமில்லை. 1998-ல் எல்2 கேஷே இல்லாமல் வந்த முதல் செலரான் கேலிக்கு ஆளானது. அதே வருடம் வெறும் 128 கேபி கேஷோடு வந்த செலரான் 300ஏ, விலை கூடிய பென்டியம் 2-வையே நெருங்கியது. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி, அதன் அண்ணன் 5800எக்ஸில் 32 எம்பி. கேம்களில் தம்பி ஜெயித்தான். கடிகார வேகம் குறைவு என்பதால் வேறு பல வேலைகளில் கொஞ்சம் பின்தங்கினான். ஆக, கேஷும் வேலையைப் பொறுத்ததுதான்.

எனவே நண்பர்களே, பர்ஸைத் திறக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். வழக்கமான வேலைகள் ஓடும்போது மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ராம் வாங்குங்கள், தப்பில்லை. மெமரி பாதிதான், ஆனால் ஹார்ட் டிஸ்க் 100-ல் திணறுகிறதா? எஸ்எஸ்டி வாங்குங்கள். பிராசசர்தான் 100-ல் நிற்கிறதா? எத்தனை ஜிபி சேர்த்தாலும் அதைக் காப்பாற்றாது.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை எகிறியதைப் பார்த்தோம். அந்த விலைக்குத் தேவையில்லாத ராமை வாங்குவது யாருக்கு லாபம்?

நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பவருக்கு வைத்தியர் என்று பெயரில்லை. வியாபாரி என்றுதான் பெயர்!