ஜாக்கி தூக்கும், தாங்காது!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங். ஒரு பழைய ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மட்டும் அந்தரத்தில் தூக்கி நிற்கிறது. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு மொபைல், அதில் பாதியில் நிறுத்திய யூடியூப் வீடியோ. அந்தக் கால்களின் சொந்தக்காரர் பெயர் சேகர் என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு நாலு சேகர் இருக்கிறார்கள், அதனால் யாரும் கோவித்துக்கொள்ளப் போவதில்லை :-)

சேகர் ஆயில் மாற்றுகிறார். சர்வீஸ் சென்டரில் லேபர் சார்ஜ் என்று போடும் தொகையைப் பார்த்து வயிறெரிந்து, "இதை நாமே செஞ்சா என்ன?" என்று இறங்கிவிட்டார். தப்பே இல்லை. தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் காரைத் தாங்கிக்கொண்டிருப்பது என்ன? டிக்கியில் ஸ்டெப்னியோடு கம்பெனி கொடுத்த சிசர் ஜாக்கி, அது ஒன்றே ஒன்று. ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்றால் பக்கத்தில் ஒரு ஹாலோ பிளாக் கல்லையும் சொருகி வைத்திருப்பார்.

பிரச்சினை இங்கேதான். ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான கருவி அல்ல. இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

கம்பெனி கொடுக்கும் சிசர் ஜாக்கியின் வேலை டயர் மாற்றுவது மட்டும். ஓனர்ஸ் மேனுவலிலேயே "ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் போகாதீர்கள்" என்று எழுதியிருக்கும். (அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள், பிளாஸ்டிக் கவரோடு டாஷ்போர்டில் தூங்குகிறது!) அதன் அடிப்பாகம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கார் ஒரு அங்குலம் முன்னே பின்னே உருண்டாலும் ஜாக்கி சாய்ந்துவிடும். ஹைட்ராலிக் ஜாக்கியின் கதை வேறு. அங்கே காரைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் எண்ணெயும், அது கசியாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன ரப்பர் சீலும்தான். சீல் தேய்ந்தால் சில சமயம் மெதுவாக இறங்கும், சில சமயம் சட்டென்று இறங்கும். எப்போது எது என்று முன்கூட்டியே சொல்லாது.

சரி, ஹாலோ பிளாக்? அது சுவர் கட்டச் செய்த கல். சிமெண்ட் கலவையில் வரிசையாக உட்கார்ந்து, மேலே பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். காரின் பாரம் அப்படிப் பரவி இறங்காது, ஒரே இடத்தில் குவிந்து அழுத்தும். இரும்புக்குத் தாங்க முடியாவிட்டால் பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும். சிமெண்ட் கல் அந்த மரியாதையெல்லாம் தராது. ஒரே நொடியில் உடைந்து பொடிந்துவிடும். செங்கல்லும் அப்படித்தான்.

ஆக, வீட்டில் காருக்கு அடியில் போகிறவருக்கு ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும். ஒரு ஜோடி. இதில் பேரம் இல்லை. எந்த ஸ்டாண்டு என்பதில்தான் பேச வேண்டியது இருக்கிறது. ஏனென்றால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பது ஒரே ஒரு எண்ணை. எத்தனை டன்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆல்ட்டோ 800 ஏறக்குறைய 700 கிலோ, ஸ்விஃப்ட் 900 கிலோ பக்கம், இன்னோவா கிரிஸ்டா சுமார் 1,800 கிலோ. ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர இழுவை வண்டிகளில் மொத்த எடையில் 60 சதவீதம் போல முன்பக்கம் இருக்கும். அதாவது 540 கிலோ. இரண்டு ஸ்டாண்டுக்குப் பிரித்தால் தலைக்கு 270 கிலோ. இரண்டு டன் ஸ்டாண்டே தாராளம். அப்படியென்றால் சேகரின் ஸ்விஃப்ட்டுக்கு டன் ஒரு பிரச்சினையே இல்லை!

நேராகக் கீழே அழுத்தும் பாரத்தால் ஸ்டாண்டு தோற்பதை விட, பக்கவாட்டில் தள்ளப்பட்டுச் சாய்வதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இறுகிப்போன ஒரு போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் காலை உதைத்து இழுக்கும்போது ஒட்டுமொத்தக் காரும் ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்குவது டன் கணக்கு அல்ல, அகலமான அடிப்பாகமும் சரியான பூட்டும். அதனால் கடையில் பார்க்க வேண்டிய வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் அடி. நான்கு கால்களும் நன்றாக விரிந்திருக்க வேண்டும். கால்களைச் சுற்றி இரும்புப் பட்டையோ, மடித்த விளிம்போ இருந்தால் நல்லது. கம்பி மாதிரிக் கூர்மையாக முடியும் கால்கள் தரையில் இறங்கும். வெல்டிங்கைக் கண்ணால் பாருங்கள். விட்டுவிட்டுப் போட்டிருந்தாலோ, ஓட்டை தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது பூட்டு. இரண்டு வகை உண்டு. ஒன்று ராட்செட், அதாவது பல் வைத்த தண்டு. கைப்பிடியை விட்டதும் ஒரு கொக்கி பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இன்னொன்று பின் வகை. தண்டில் ஓட்டைகள் இருக்கும், குறுக்கே ஒரு தடித்த இரும்புப் பின்னைச் சொருக வேண்டும். ராட்செட் வசதியானது, வேண்டிய உயரத்துக்கு நெருக்கமாக வைக்கலாம். பின் வகையில் ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி அதிகம். ஆனாலும் வீட்டு உபயோகத்துக்குப் பின் வகையே மேல். காரணம் எளிது. பின் முழுசாகச் சொருகியிருக்கிறதா என்று யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். ராட்செட்டில் கொக்கி பல்லுக்குள் முழுசாக இறங்கியதா, நுனியில் தொற்றிக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரிவது கஷ்டம்.

இது சும்மா பயமுறுத்துவதற்குச் சொல்வதல்ல. அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற பெரிய டூல்ஸ் நிறுவனம் 2020-ல் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் தான் விற்ற 3 டன், 6 டன் ராட்செட் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. மொத்தம் 17 லட்சத்துக்கும் மேல். தயாரிப்புக் கருவிகள் தேய்ந்துபோனதால் சில ஸ்டாண்டுகளில் கொக்கி பல்லுக்குள் போதுமான ஆழத்துக்கு இறங்கவில்லை, பாரத்தோடு சட்டென்று இறங்கிவிடக்கூடும் என்பதுதான் காரணம். அதோடு முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளில் சிலவற்றில் வெல்டிங் குறை இருப்பது தெரிந்து, அதே ஆண்டு அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். லேபிளில் 3 டன், 6 டன் என்று போட்டிருந்த ஸ்டாண்டுகள்தான் இவை. எண் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ராட்செட்தான் வேண்டும் என்றால் கூடவே குறுக்குப் பின்னும் உள்ள மாடலைப் பார்த்து வாங்கலாம். கொக்கி நழுவினாலும் பின் தடுக்கும். பின் சங்கிலியில் கோர்த்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பின் தொலையும், அதற்குப் பதில் கையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைச் சொருகுவோம். நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா!

மூன்றாவது உயரம். இங்கேதான் "பெருசா வாங்கிட்டா சேஃப்" என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 2, 3 டன் ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரம் பெரும்பாலும் 25 முதல் 30 செ.மீ. இருக்கும். 6 டன் ஸ்டாண்டு 40 செ.மீ.க்குப் பக்கத்தில் ஆரம்பிக்கும். ஸ்விஃப்ட்டை அந்த உயரத்துக்குத் தூக்கினால்தான் ஸ்டாண்டே உள்ளே போகும். உங்கள் ஜாக்கி அதுவரை தூக்காது, அல்லது கடைசி எல்லை வரை நீட்டி ஆடிக்கொண்டு தூக்கும். சின்னக் காருக்கு 2 அல்லது 3 டன் போதும். உயரமான எஸ்யூவி என்றால் அதற்கேற்ற உயரம். ஜாக்கி எவ்வளவு தூக்குகிறது என்று முதலில் டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

நான்காவது, லேபிள். போட்டிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று படியுங்கள். இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். காருக்கு அடியில் மடிந்து நிற்கும் தகடு விளிம்பில் வைப்பதாக இருந்தால், நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் பேட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தகடு நசுங்கும், வழுக்கவும் செய்யும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டு மட்டும் வாங்கினால் வேலை முடியாது. காரின் பக்கவாட்டில் ஜாக்கி வைக்கும் இடமும் ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடமும் பல கார்களில் ஒன்றேதான். ஜாக்கி அங்கே உட்கார்ந்திருந்தால் ஸ்டாண்டு எங்கே உட்காரும்? அதனால் முன்பக்க நடுவில், மேனுவல் சொல்லும் இடத்தில் வைத்துத் தூக்க ஒரு ட்ராலி ஜாக்கியும் வேண்டும். இதையெல்லாம் கூட்டினால், "ஒரு ஆயில் சர்வீஸுக்கு இவ்வளவா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு தப்பு. ஒரு வருஷச் செலவாக எழுத வேண்டிய சாமான் அல்ல இது. துரு ஏறாமல் வைத்தால் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கிற அசெட். அலாய் வீலுக்கும் சவுண்டு சிஸ்டத்துக்கும் பல்லாயிரம் கொடுக்கிற கை, சில ஆயிரத்துக்கு யோசிப்பது வேடிக்கை. உண்மையிலேயே பணம் இல்லையென்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. காருக்கு அடியில் போகாமல் இருப்பது! லேபர் சார்ஜ் கொடுத்துவிட்டு வீட்டில் டீ குடிக்கலாம். இரண்டுங்கெட்டான் வழிதான் ஆபத்து.

வாங்கியாச்சு. இனி தரை. கெட்டியான, சமமான சிமெண்ட் தரை வேண்டும். மண், புல், ஆடும் இன்டர்லாக் கல், தண்ணீர் வடிய விட்ட சரிவு எதுவும் ஆகாது. தார் ரோடு வெயிலில் இளகும், அக்னி நட்சத்திர நேரத்தில் ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும். கீழே தடித்த பிளைவுட் பலகை போடலாம். சமமான தரையே இல்லையா? ஸ்டாண்டைத் தொடாதீர்கள், மெக்கானிக்கிடம் போங்கள்.

அப்புறம் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது. ஹேண்ட்பிரேக் போட்டாச்சே என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும், பிரேக் பிடித்து என்ன பயன்? எந்தப் பக்கம் தரையில் இருக்கிறதோ அந்தச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

ஸ்டாண்டுகளை வைத்து, காரை மெதுவாக இறக்கி உட்கார வைத்ததும் உடனே உள்ளே போகாமல், வெளியில் நின்றபடி காரைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி வைக்கலாம். ஸ்டெப்னியையோ கழற்றிய சக்கரத்தையோ காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைக்கலாம். எல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தின் அகலத்துக்காவது ஒரு இடைவெளி மிஞ்சும். வீட்டில் ஒருவரிடம் "நான் காருக்கு அடியில இருக்கேன், அப்பப்ப ஒரு குரல் குடு" என்று சொல்லிவிட்டுப் போவதற்குக் காசே இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு சேகர் ஒன்று சொல்வார். "பத்து வருஷமா இப்படித்தான் செய்யறேன், ஒண்ணும் ஆகலையே!" இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒன்றும் ஆகாதவர்கள்தான் இதைச் சொல்ல முடியும். ஆனவர்கள் வந்து சொல்வதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். வீட்டுக்கு மெக்கானிக் வந்து வேலை பார்க்கும்போதும் இதே கதைதான். கூட வரும் பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டு, ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் சர்ரென்று நுழைந்துவிடுவான். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பார் மெக்கானிக். நாமும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்போம், நம் கால் அடியில் இல்லையே! ஸ்டாண்டு வாங்கி வைத்திருக்கும் வீட்டில் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியும். "தம்பி, கொஞ்சம் வெளிய வா. இந்த ரெண்டு ஸ்டாண்டையும் போட்டுட்டு அப்புறம் போ." அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் காத்திருக்க முடியாத அவசர வேலை எந்தக் காரிலும் கிடையாது.