காற்றினும் கனத்த வாயு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இரசாயனவியல் வகுப்பிலே நாம் மனனஞ் செய்த மூலக்கூற்றுத் திணிவோ அத்தகைய சுரைக்காய் அன்று. சமையலறைக்கே உரிய அறிவு அது என்பதை ஈண்டு வற்புறுத்த விரும்புகின்றோம்.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் சமையல் வாயுவினால் வெடிப்புகளும் தீவிபத்துகளும் அடுத்தடுத்து நேர்ந்தன. ஆராய்வதற்குச் சனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். புரொப்பேன், பியூற்றேன் என்பவற்றின் கலவை விகிதமே அந்நாளில் எங்கும் பேச்சாயிற்று. அவ்விசாரணை வேண்டியதே. ஆயினும் எவ்விகிதத்திற் கலந்தாலும் மாறாத உண்மையொன்று உண்டு: இரண்டும் காற்றினும் கனத்தவை.

ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என 1811 இல் அவகாதரோ கூறினார். ஆகவே, மூலக்கூறு கனத்தால் வாயுவும் கனக்கும். காற்றின் சராசரி மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 29; புரொப்பேன் 44; பியூற்றேன் 58. பின்னது காற்றைப் போல் இரு மடங்கு. மெதேனோ 16 ஆதலின் மேலெழும்.

அவ்வாறாயின், 32 ஆகிய ஒட்சிசன் கீழேயும் 28 ஆகிய நைதரசன் மேலேயும் பிரிந்து நில்லாதது ஏன் என வினவலாம். மூலக்கூறுகள் ஓயாது இயங்குகின்றன. காற்றோட்டமும் அவற்றைக் கலக்கின்றது. ஒருமுறை நன்கு கலந்த வாயுக்கள் நிறையினால் மீளப் பிரிவதில்லை. கலக்குமுன் உள்ள சிறு பொழுதிலேதான் ஆபத்து இருக்கின்றது. அசைவற்ற அறையிற் கசியும் சமையல் வாயு தரையிற் படிந்து, நீர்போல் மூலைகளிலும் வடிகான்களிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். 12.5 கிலோகிராம் உருளையொன்று ஐந்து முதல் ஏழு கன மீற்றர் வரையான வாயுவைத் தரவல்லது என்பதை நினைவிற் கொள்க.

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை நோக்குவோம். ஆற்றுக்கு அப்பால் கெரவலப்பிட்டியிலே சமையல் வாயு பெருந்தாங்கிகளிற் சேமிக்கப்படுகின்றது. இப்பாலோ, சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டக் குடியிருப்புகள். வெளியே கடற்காற்று வீசினும், இரவிற் பூட்டிய சிறு சமையலறைக்குள் அது புகுவதில்லை. புகை மேலே போவதுபோல் வாயுவும் போய்விடும் என்று எண்ணிக் கூரையோரத்தில் மட்டும் துவாரம் வைக்கின்றோம். புகை எழுவது அதன் வெப்பத்தினால். குளிர்ந்த பியூற்றேனுக்கு அந்த உதவி இல்லை.

எனவே, தரையோரத்திலும் வெளிப்புறம் திறக்கும் துவாரம் வேண்டும். மணம் வந்தால் மின்னாளியைத் தொடாது, நெருப்பு மூட்டாது, உருளையை மூடிக் கதவைத் திறந்து வெளியேறல் வேண்டும்.

எமது பழைய மாணவருள் வீடு கட்டுவோரும், திட்டம் வரைவோரும், ஆசிரியரும் பலர். 44 ஐயும் 58 ஐயும் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி பெற்றோம். அவ்வெண்களைத் தரையோரத் துவாரமாக ஆக்கித் தருவதன்றோ கற்றதற்குத் தக நிற்றல்?