நிற்கும் சுவரை இடிக்காதீர்கள்



1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற எமக்குத் தரப்பட்டது வெறும் 2 மணித்தியாலம். திரும்பி வந்து பார்த்தால் சோனகத் தெருவில் எத்தனை வீடுகளுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை! நின்றது சுண்ணாம்புக் கல் சுவர் மட்டும். அதையும் இப்போது நாமே ஜேசிபி பிடித்து இடிக்கிறோம்.

"பழைய வீட்டுக்குச் செலவழிப்பது வீண்" என்கிறார்கள். கணக்குப் பார்ப்போமா? இடிக்கக் கூலி, கல்லை ஏற்றிப் பறிக்கக் கூலி, பிறகு சீமெந்துக் கல், மணல், கம்பி எல்லாம் புதிதாக. குளிர்ச்சியான தடித்த சுவரை வீசிவிட்டு மெல்லிய சுவருக்குள் வெந்து கிடப்பதா முன்னேற்றம்?

பூச்சு உதிர்வது கல்லின் குற்றமல்ல. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்புப் பூத்துக் கழலும். சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். விழுந்த கல்லைப் பொறுக்கி அதே சுவரில் வையுங்கள்.

ஓடும் கதவும் பழையதாகவே வாங்கலாம். ஆனால் எங்கிருந்து கழற்றியது என்று கேட்டு வாங்குங்கள். எம் வீட்டுக் கதவைக் கழற்றியவனிடமும் யாரோ ஒருவர் கேள்வி கேட்காமல் வாங்கினார்தானே? திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது ஹராம். அந்த ஒருவராக நாமும் ஆகக் கூடாது.

மூத்தவர்கள் கட்டிய சுவர்தான் நாம் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கு அதைவிட வேறென்ன மிச்சம்?

சிந்திப்போம். வஸ்ஸலாம்.