அச்சேறாத பக்கங்கள்

சித்திரக்கதைக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர், அவர் பிரசுரித்தவற்றைக் காலவரிசையில் அடுக்கி, பெற்ற பரிசுகளை இடையிடையே செருகி, மறைந்த தேதியோடு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வாசகர்களுக்கு அது போதும். அதே தொழிலைச் செய்து பிழைக்கிற நமக்கோ, அவர் வரைந்தும் வெளிவராமற்போனவை எவை, அவற்றுக்குக் கூலி கிடைத்ததா, அந்தக் காகிதங்கள் கடைசியில் யார் வீட்டு அலமாரியில் தங்கின என்ற விவரங்களே அதிகப் பிரயோஜனமுள்ளவை. அவ்வகை விசாரணைக்கு அமெரிக்கரான ஜாக் கிர்பியின் வாழ்க்கையைப்போல் இடங்கொடுப்பது வேறொன்று நமக்குத் தெரியவில்லை.

1917 ஆகஸ்டு 28-ஆம் தேதி நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு குடியிருப்பில், ஏழை யூதக் குடும்பமொன்றில் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க் என்ற பெயரில் பிறந்த இவர், 1941-இல் ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவையும், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஸ்டான் லீயோடு ஃபென்டாஸ்டிக் ஃபோரையும் சிருஷ்டித்தவர். இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. நாம் கவனிக்கவேண்டியது ஒன்றே: அந்நாளில் பெரும்பாலும் அவர் பக்கத்துக்கு இத்தனை டாலர் என்ற கூலியில் வரைந்தவர், பாத்திரங்களும் பதிப்பகத்தைச் சேர்ந்தன, வரைந்த தாளும் பதிப்பகத்திலேயே நின்றது.

இந்த ஏற்பாட்டின் விளைவை அவர் உணர்ந்துகொண்ட காலம் 1960-களின் பிற்பகுதி. மார்வெல் நிறுவனத்துக்கு மாதந்தோறும் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்த அதே மேசையில், ஒருவரும் கேளாமலும் ஒருவரும் கூலி தராமலும், புதிய தெய்வங்களின் உருவங்களைப் பெரிய தாள்களில் வரைந்து, வண்ணமும் தீட்டி, அவற்றை மார்வெலுக்குக் காட்டாமலே தம் வசம் வைத்துக்கொண்டார். 1969-இல், மகளின் ஆஸ்துமாவுக்கு உலர்ந்த காற்று வேண்டுமென்று குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தத் தாள்களும் உடன் சென்றன. 1970-இல் அவர் டி.சி. நிறுவனத்துக்கு மாறியபோது தி நியூ காட்ஸ், மிஸ்டர் மிராக்கிள் முதலிய வரிசைகளுக்கு வித்தாக அமைந்தவை அவையே. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவ்வயதில் பலர் பழைய பெயரை வைத்துக் காலந்தள்ளுவார்கள்; இவரோ வெளிவராத ஓவியங்களையே மூலதனமாகக் கொண்டு புதிய கடை விரித்தார்.

அந்தக் கடையும் நெடுநாள் நிலைக்கவில்லை. தி நியூ காட்ஸ் பதினோராம் இதழோடு 1972-இல், கதை நடுவில் நிற்கும்போதே, நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, வளர்ந்த வாசகர்களுக்கெனக் கறுப்பு வெள்ளையில் பெரிய அளவுச் சஞ்சிகைகளை அவர் யோசித்து, கறுப்பின வாசகர்களுக்கான காதல் கதைகளடங்கிய சோல் லவ் என்பதையும், விவாகரத்து வழக்குகளைப் பொருளாகக்கொண்ட மற்றொன்றையும் வரைந்து கொடுத்திருந்தார். இவ்விரண்டும் அச்சேறவேயில்லை. உடன் திட்டமிடப்பட்ட இன் தி டேஸ் ஆஃப் தி மாப், ஸ்பிரிட் வேர்ல்டு என்ற இரண்டும் 1971-இல் ஒவ்வோர் இதழ் வந்து ஓய்ந்தன. தெருச் சிறுவர் நால்வரைப்பற்றிய டிங்பேட்ஸ் கதையில் முதல் பகுதி மட்டும் 1975-இல் வந்தது; மேற்கொண்டு அவர் முடித்துக்கொடுத்த இரண்டு பகுதிகள் கோப்பில் உறங்கின. மார்வெலுக்குத் திரும்பிய பின் 1976-இல், தி பிரிசனர் என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைச் சித்திரக்கதையாக்க 17 பக்கங்கள் வரைந்தார். அதே தொடருக்குக் கில் கேன் என்ற மற்றோர் ஓவியரும் முன்னரே வரைந்திருக்க, இரண்டில் ஒன்றும் பிரசுரமாகவில்லை. சோல் லவ்வும் டிங்பேட்ஸின் எஞ்சிய பகுதிகளும் 2019-இல் நூலாயின; தி பிரிசனர் 2018-இல் வந்தது. கிர்பி 1994 பிப்ரவரி 6-ஆம் தேதியே காலமாகிவிட்டார்.

இவற்றிலெல்லாம் விசித்திரமானது லார்டு ஆஃப் லைட் விவகாரம். ரோஜர் ஜெலாஸ்னி 1967-இல் எழுதிய அந்நாவலில், வேறொரு கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் யந்திர சக்தியால் தம்மைப் பிரமன், யமன், காளி என்று பாவித்துக்கொண்டு மற்றவர்களை ஆள்கிறார்கள். அவர்களை எதிர்க்கும் ஒருவன் புத்தரின் போதனையை ஆயுதமாகக்கொண்டு கிளம்புகிறான். 1970-களின் இறுதியில் இதைத் திரைப்படமாக்கவும், படத்துக்கென எழுப்பும் அரங்கங்களையே பிறகு கொலராடோ மாநிலத்து அரோரா நகரில் கேளிக்கைப் பூங்காவாக நிலைநிறுத்தவும் பேரி கெல்லர் என்பவர் உத்தேசித்து, அரங்கங்களின் தோற்றத்தை வரைய கிர்பியை அமர்த்தினார். பிரமனின் அந்தப்புரமென்றும் இன்ப மண்டபமென்றும் கிர்பி வரைந்தளித்தவற்றில் நம் சிற்ப சாஸ்திரத்தின் சாயலை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவர். ஆலயமும் மின்நிலையமும் ஒன்றோடொன்று கலந்து திரண்டாற்போன்ற அந்தக் கட்டடங்கள் கிர்பியின் மனோராஜ்யத்துக்கே உரியவை. வெளிநாட்டார் நம் தெய்வங்களை வரையும்போது வழக்கமாக நேரும் போலி அலங்காரம் இவற்றில் இல்லாததே எமக்குத் திருப்தி தருகிறது.

1979-இல் ஆடம்பரமாக அறிவிக்கப்பட்ட அத்திட்டம், பணவிவகாரங்களில் எழுந்த மோசடி வழக்கினால் விரைவில் குலைந்தது. அச்சமயத்தில் ஈரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, தப்பித்து வெளியேறிய ஆறு ஊழியர்கள் டெஹ்ரானில் கனடா நாட்டுத் தூதரக அதிகாரிகளின் வீடுகளில் ஒளிந்திருந்தனர். அவர்களைப் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த சினிமாக் குழுவினராக வேஷமிட்டு மீட்டுவர, அமெரிக்க உளவுத்துறையைச் சேர்ந்த டோனி மெண்டஸ் யோசித்தபோது, அவருக்கு ஒப்பனைக் கலைஞர் ஜான் சேம்பர்ஸ் எடுத்துக் கொடுத்தது இந்தக் கைவிடப்பட்ட படத்தின் திரைக்கதையையே. ஆர்கோ என்று பெயர்மாற்றப்பட்ட அத்திரைக்கதையும் கிர்பியின் ஓவியங்களும் அந்த வேஷத்துக்கு ஆதாரமாயின என்பது மெண்டஸ் பின்னாளில் தந்த விவரம். 1980 ஜனவரி இறுதியில் அறுவரும் விமானமேறினர். இச்செய்தி 1997-இல் பகிரங்கமானபோது கிர்பி உயிரோடில்லை. எந்தத் தாளை எவர் எடுத்து எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதை வரைந்தவனே அறியாதிருக்கக்கூடும் என்பதற்கு இதைக்காட்டிலும் பெரிய உதாரணத்தைக் கற்பனையில்கூட உண்டாக்குவது கடினம்.

அவர் வாழ்வின் பிற்பகுதியில் ஒருவாறு நிம்மதி தந்தது சித்திரக்கதை அன்று, தொலைக்காட்சிக்கான கார்ட்டூன் தொழில். 1980 முதல் ரூபி-ஸ்பியர்ஸ் நிறுவனத்தில் தண்டார் தொடருக்கும், தொடராக உருப்பெறாத ராக்ஸீஸ் ரெய்டர்ஸ் போன்ற எத்தனையோ யோசனைகளுக்கும் அவர் வரைந்து குவித்தார். அங்கே யோசனை நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் சம்பளம் வந்தது. யோசிப்பதற்கே கூலி தரும் தொழிலும், முடிந்த பக்கத்துக்கு மட்டும் கூலி தரும் தொழிலும் ஒரே கையை எப்படி வெவ்வேறாக நடத்துகின்றன என்பதைப் பதிப்பாளர்கள் சிந்திப்பது நலம். 1981-இல் சான் டியேகோவின் பசிபிக் காமிக்ஸ், பாத்திர உரிமையைக் கலைஞரிடமே விட்டு, அவர் முன்பே யோசித்து வைத்திருந்த கேப்டன் விக்டரியை வெளியிட்டது. திரைக்கதையாக எழுதி விலைபோகாமலிருந்த சில்வர் ஸ்டாரும் 1983-இல் அங்கேயே சித்திரக்கதையாயிற்று. தம் கையில் நின்றவை தமக்கே பயன்பட்டன.

கையைவிட்டுப் போனவற்றின் கதி வேறு. 1980-களின் நடுவில் மார்வெல் தன்னிடமிருந்த மூல ஓவியங்களைத் திருப்பித் தரத் தொடங்கியபோது, ஏனைய கலைஞர்களிடம் சிறு பத்திரத்தில் கையொப்பம் வாங்கிய நிறுவனம், கிர்பியிடம் நான்கு பக்க நிபந்தனைப் பத்திரத்தை நீட்டி, அதற்கு ஈடாக 88 பக்கங்களைத் தருவதாகச் சொல்லிற்று. சகதொழிலாளர் பலர் கூடி ஆட்சேபித்த பின்னரே, 1987-இல் ஏறக்குறைய 2,000 பக்கங்கள் அவர் வீடு வந்தன. மார்வெலுக்கு அவர் வரைந்தவை அதைப்போல் பல மடங்கு. ஆனால் 1970-களிலிருந்து தம் பென்சில் பக்கங்களை, மையிடுபவருக்கு அனுப்புமுன், நகலெடுத்து வைக்கும் பழக்கம் அவர் வீட்டில் இருந்தது. அவர் மறைந்த 1994-இலேயே தொடங்கி, ஜான் மாரோ நடத்திவரும் தி ஜாக் கிர்பி கலெக்டர் சஞ்சிகை இத்தனை ஆண்டுகளாக அச்சிட்டுவருபவற்றில் பெரும்பகுதி அந்த மங்கலான நகல்களே. மை படாத அவருடைய கோட்டின் வேகத்தை இன்று மாணவர்கள் கற்பதும் அவற்றிலிருந்துதான்.

1983-இல் ரிச்சர்ட் கைல் என்பவரின் வேண்டுகோளுக்கிணங்கி, தம் இளமைக்காலத்துத் தெருவையும் அதன் சண்டைகளையும் பொருளாக்கி, ஸ்டிரீட் கோட் என்ற சிறு கதையைப் பென்சிலிலேயே வரைந்தார். அது ஏழாண்டு காத்திருந்து 1990-இல், மையிடப்படாமல், வரைந்தபடியே வெளிவந்தது. வானவெளித் தெய்வங்களை ஆயிரக்கணக்கில் வரைந்தவர் சொந்த வாழ்க்கையை நேராகச் சொன்ன பக்கங்கள் மிகச் சில. இவை அவற்றுள் தலையாயவை என்பது எம் அபிப்பிராயம்.

இதழின் சந்தாதாரர்களான ஓவியர்களுக்கு இதையொட்டி ஒரு வேண்டுகோள். ஒப்புக்கொண்ட வேலை பிரசுரமாகாவிடில் மூல ஓவியம் எத்தனை மாதத்துக்குள் திரும்பவேண்டும், அதற்குள்ள கூலி எவ்வளவு, பாத்திரத்தின் உரிமை எவரைச் சேரும் என்ற மூன்றையும் வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்குங்கள். கொடுக்குமுன் நல்ல நகல் ஒன்று எடுத்து, அதன் பின்புறத்தில் தேதியையும், எவருக்காக வரைந்தது என்பதையும் குறியுங்கள். ஒப்பந்த வாசகத்தின் மாதிரி ஒன்றை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு தயாரித்து வருகிறோம். அடுத்த இதழில் பிரசுரமாகும்.